எட்டு மணிக்காரர்களும் பத்தரை மணிக்காரர்களும்

எங்கள் சபையில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். போன கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வெளியூரிலிருந்து பேச வந்தவர், மற்ற சபைகளுக்கு நாங்கள் முன்மாதிரி என்றார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தச் சமாதானம் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. வருவாய்த் துறையில் உதவியாளர் வேலை. கணவருக்கு ராஜபாளையம் ரோட்டில் பெயிண்ட் கடை. எங்கள் சபையில் பாதிக்கு மேல் இப்படிக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள்தான். எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏதாவது ஒரு வகையில் சொந்தம். மீதிப் பேர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே தெருவில் இருப்பவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கூலி வேலை பார்த்தவர்கள். பேரப்பிள்ளைகள் ஆசிரியர், நர்ஸ், பேங்க் வேலை என்று வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பைபிள், ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் நாங்கள் கோயிலில் ஆசீர்வாதம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். பந்தியில் உட்கார மாட்டோம். சுகர், வயிறு சரியில்லை, கடையில் ஆள் இல்லை என்று ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். நானும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை என் கணவர்தான் செயலாளர். மூன்றாவது தடவையும் நின்றார். அந்த முறை கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் முதல்முதலாகச் செயலாளருக்குப் போட்டியிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபையில் யாருமே அவரைப் பெயர் சொல்வதில்லை, எச்.எம். சார் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறினான் என்றால் அதற்கு அவர்தான் காரணம். சாயங்காலம் தினமும் வரச் சொல்லி, அடிக்காமல், திட்டாமல் சொல்லிக்கொடுத்தார்.

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் எச்.எம். சார் ஜெயித்தார். அதில் ஒன்று என் ஓட்டு.

இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் மோசமான ஆள் இல்லை. ஆனால் செயலாளராக இருந்த ஆறு வருஷத்தில், கேட்டுக்கு அந்தப் பக்கத்தில் யாராவது சீக்காகக் கிடந்தால் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. போகச் சொன்னால் போதகர் போவார் என்பார். ஓட்டுச் சீட்டை மடிக்கும்போது அதைத்தான் நினைத்தேன்.

எங்கள் சபையில் ஆராதனை முடியும் நேரத்தில் செயலாளர் முன்னால் நின்று அறிவிப்புகள் வாசிப்பது வழக்கம். புதுக் கமிட்டி பொறுப்பேற்ற ஞாயிற்றுக்கிழமை எச்.எம். சார் தாளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். முதல் வரியை அவர் வாசித்து முடிக்கவில்லை, என் கணவர் எழுந்தார். அவர் பின்னால் பதினைந்து குடும்பம் எழுந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, வா என்று கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன். எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளியே போனேன். யாருக்கு ஓட்டுப் போட்டேனோ அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். இந்தக் கதையில் எனக்கு எல்லார் மேலும் கோபம் உண்டு. முதல் கோபம் என் கால்கள் மேல்தான்.

அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் கோயில் கேட்டில் ஒரு பூட்டைப் போட்டார்கள். அவர்கள் அதற்கு மேலே ஒரு பூட்டைப் போட்டார்கள். அப்போதிருந்த போதகர் ஓய்வுபெறப் பத்து மாதம்தான் பாக்கி இருந்தது. அவர் இரண்டு பூட்டையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் திறக்கவில்லை. பிறகு போலீஸ் வந்தது, பேச்சுவார்த்தை என்று விஷயம் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். நான் அந்தச் சபை என்று அவருக்குத் தெரியும். யார் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே எழுதுங்கள் என்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். மேசைக்கு ஒரு பக்கம் என் கணவரும் நான்கு பேரும். எதிர்ப்பக்கம் எச்.எம். சாரும் நான்கு பேரும். நடுவில் நோட்டும் பேனாவுமாக நான்.

சாமியே அரனாகவும் அரியாகவும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர் இது, இந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிச் சண்டை போடலாமா என்று அதிகாரி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. என்னதான் பிரச்சினை என்று கேட்டார். வாக்காளர் பட்டியலில் குளறுபடி என்றார் என் கணவர். அந்தப் பட்டியலைத் தயாரித்ததே அவர்தான். எச்.எம். சார் அதை மட்டும் அமைதியாக எடுத்துச் சொன்னார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. சாதிதான் என்று அந்த அறையில் இருந்த பத்துப் பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எச்.எம். சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று எதிர்பார்த்த நான் எப்படிப்பட்டவள் என்று பிற்பாடுதான் யோசித்தேன். நான் ‘நிர்வாகப் பிரச்சினை’ என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். எட்டு மணிக்கு ஒரு ஆராதனை, பத்தரை மணிக்கு ஒரு ஆராதனை. எட்டு மணிக்கு நாங்கள், பத்தரைக்கு அவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் முனகினார்கள், அதன்பிறகு அவர்களும் சரி என்றார்கள். டீ வந்தது. ஒப்பந்தத்தை நான்தான் எல்லாருக்கும் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. ‘இரு தரப்பினரும் மனமுவந்து’ என்று நானே எழுதியிருந்த இடத்தை வேகமாக வாசித்துக் கடந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது எச்.எம். சார் என் நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"அழகா எழுதியிருக்கீங்கம்மா," என்றார்.

அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மாதம் அப்படியே ஓடியது. எட்டு மணிக்காரர்கள், பத்தரை மணிக்காரர்கள் என்று ஊரிலேயே பெயர் வந்துவிட்டது. பூக்கடைக்காரம்மா என்னிடம், நீங்க எட்டா பத்தரையாம்மா என்று சாதாரணமாகக் கேட்டாள். எட்டு என்று சொல்லிவிட்டு முழம் பூவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய போதகர் ஓய்வுபெற்றுப் போனதும் ராயகிரிப் பக்கமிருந்து புதுப் போதகர் மாற்றலாகி வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், பேச்சில் கொஞ்சம் திக்கல். இவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று இரண்டு பக்கமும் நினைத்தது. முதல் மாதம் இரண்டு ஆராதனையும் ஒழுங்காக நடத்தினார். இரண்டாவது மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வைத்து, வெள்ளைத் துணி மூடி, மேசை தயாராக இருந்தது. எட்டு மணி ஆராதனையில் ஜெபங்கள் எல்லாம் முடிந்து, எல்லாரும் முன்னால் வந்து முழங்கால் போட வேண்டிய இடம் வந்தது. போதகர் துணியை எடுக்கவில்லை.

"பத்தரைக்கு வரவங்களோட சேந்து வாங்க. அதுவரைக்கும் இந்த மேசைல எனக்கு வேலை இல்ல," என்றார். ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்தரைக்கும் அதையேதான் செய்தாராம்.

அன்று மத்தியானம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். எனக்கென்னவோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கடைசியில் ஒரு ஆளாவது ஒன்றைச் செய்தாரே என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷமும் இரண்டு வாரத்துக்குமேல் நிற்கவில்லை.

எச்.எம். சாரின் மனைவி ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரே கோயிலில் இத்தனை வருஷமாக இருக்கிறோம், அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காக இணையத்தில் போட்ட சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏதோ ஆவணம் இல்லையென்று திரும்பியிருந்தது. நகல்களை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. தாள்களை என் முன்னால் வைத்து, சாதி என்று போட்டிருந்த கட்டத்தில் விரலை ஊன்றினார்.

"அன்னைக்கு மீட்டிங்குல எழுதாம விட்ட வார்த்தை இதுல இருக்கு மேடம். நல்லாப் பாத்துக்கிடுங்க."

என்னால் நிமிர முடியவில்லை. போதகர் செய்தது நல்லதுக்குத்தானே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன நல்லது? அடிச்சவனையும் அடிபட்டவனையும் ஒரே மாதிரி முட்டுப்போட வச்சிருக்காரு. நாங்க யாரு ஆராதனைல இருந்து எந்திரிச்சுப் போனோம்? எங்களுக்கு எதுக்குத் திருவிருந்து இல்ல? கேக்குதேன், சொல்லுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. என்ன ஆவணம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் கணவர் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, நான் எச்.எம். சாருக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"ஒம் புருஷன் தோக்கணும்னா போட்ட?"

"இல்ல. அவரு ஜெயிக்கணும்னு போட்டேன்."

எழுந்து கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இருபது நாள் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எட்டு மணிக்குப் போய்விட்டு வந்தபின், நான் பத்தரைக்குப் போனேன். யாரும் என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்கவில்லை. உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். ஐந்தாவது வாரம்தான் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், அதுவும் வேறு இடம் இல்லாததால். எட்டு மணிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் கடைவீதியில் என்னைப் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

ஐந்து மாதம் திருவிருந்து இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது. நடந்தது என்னவென்று கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றிருந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது. போதகர்மேல் புகார் கொடுக்க. ஒரே வேன் பிடித்து, ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்குப் போனார்கள். என் கணவர் போனார். எச்.எம். சாரும் போனார். அவருடைய அண்ணன் படுக்கையில் கிடந்து, சாவதற்குள் ஒருமுறை திருவிருந்து வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. வேனில் இடம் இல்லாமல் என் கணவரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வழியில் இறங்கி வடை தின்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் என் கணவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

"மனுசன் நல்லாப் பேசுதாருட்டி. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். வேன் பூராம் ஒரே சிரிப்பு."

எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பாலை அப்படியே தொட்டியில் கொட்டினேன். வேதம் சொல்லி நடக்காதது, அலுவலகத்தில் நாற்காலி போட்டு நடக்காதது, பொதுவாக ஒரு ஆளை வெறுத்ததும் நடந்துவிட்டது. பத்து நாளில் போதகருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்றும்போது போய்ப் பார்த்தேன். என்னோடு சேர்த்து ஆறு பேர் நின்றோம். எப்படியோ அவர்கள் ஒன்றாகிவிட்டார்கள் என்று நான் ஆறுதலுக்குச் சொன்னேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே, நான் நினைத்தது வேறு என்றார். அடிபட்டவர்களையும் சேர்த்துத் தண்டித்துவிட்டீர்களே என்று கேட்கத்தான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே ஒரே ஆராதனை, ஒன்பது மணிக்கு. எச்.எம். சார் அறிவிப்புகள் வாசித்தார். யாரும் எழுந்து போகவில்லை. பிறகுதான் நான் முதலில் சொன்ன கிறிஸ்துமஸ் கூட்டமும் முன்மாதிரிப் பேச்சும்.

புதுவருஷ ஆராதனையில் அடுத்து வந்த போதகர் திருவிருந்து கொடுத்தார். என் கணவரும் எச்.எம். சாரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டார்கள். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போய், எழுந்து போனது தப்பு என்று சொல்லுகிறவரை நான் போகப் போவதில்லை என்றேன். எல்லாம்தான் முடிந்துபோயிற்றே, இனிமேல் எதற்குக் கிளற வேண்டும் என்றார். உங்களுக்கு முடிந்துபோயிற்று என்றேன். பிப்ரவரியில் கேட்டார், மார்ச்சில் கேட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நான் பெஞ்சிலேயே இருந்தேன். சொந்தக்காரர்கள் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அது தாங்காமல்தான் கிளம்பினார். மனம் திருந்திக் கிளம்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஸ்கூட்டரில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனோம். அந்தத் தெருவுக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. எச்.எம். சார் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் கணவர் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். சுவரில் ஓதம் ஏறியிருப்பதைப் பார்த்து எந்த பிரைமர் அடிக்க வேண்டும் என்று சொன்னார். எச்.எம். சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பியில் ஆடை படிந்தது.

"எதுக்கு வந்தீங்கன்னு சொல்லிட்டு காப்பியக் குடிங்க சார்," என்றார் அந்த அம்மா.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவிக்கு வரவில்லை.

"அன்னைக்கு நான் எந்திரிச்சு வெளிய போனது தப்பு."

"சரி, பழசு. அதை விடுங்க," என்று எச்.எம். சார் அவசரமாகச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் அவர் மனைவி. பிறகு என் கணவரைப் பார்த்து, "எதுக்குப் போனீங்கன்னும் சொல்லுங்க," என்றார்.

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தத் தெரு ஆளு முன்னால நின்னு வாசிக்க, நான் கீழ உக்காந்து கேக்கணுமான்னு தோணிச்சு. அதான்."

எச்.எம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா மட்டும் என் கணவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. சூடாக வேறு காப்பி கொண்டுவந்து வைத்தார். என் கணவர் குடித்தார். நானும் குடித்தேன்.

திரும்பி வரும்போது கேட் போட்டிருந்தது. ரயிலுக்காக நின்றோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"இப்ப திருப்திதானா ஒனக்கு?"

இல்லை என்றேன். என்னை ஊருக்கு முன்னால் இதைவிட அசிங்கப்படுத்த என்ன இருக்கிறது என்றார். ஊருக்கு முன்னால் நீங்கள் இன்னும் சொல்லவில்லையே, ஒரு வீட்டுக்குள்தானே சொன்னீர்கள் என்றேன். மதுரைப் பக்கம் போகிற ரயில் தடதடவென்று போனது. கேட்டைத் தூக்கியதும் வண்டியை எடுத்தார்.

அடுத்த முதல் ஞாயிறு நான் முன்னால் போய் முழங்கால் போட்டேன். ஒரு பக்கம் சபைப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருத்தி. மறுபக்கம் அந்த அம்மா வந்து முழங்கால் போட்டார். முடிந்து வெளியே வந்ததும் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், மேடம் என்று சொல்லவில்லை. பேத்திக்குப் போன வருஷம் சீட் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார்.